காராமணிக் கீரைக் கூட்டு

காராமணிக் கீரைக் கூட்டு என்பது காராமணிப் பயற்றையும் கீரையையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, தேங்காய், சீரகம், மிளகாய் ஆகியவற்றின் அரைப்பைச் சேர்த்து ஆக்கப்படும் தமிழர் சமையல் உணவு ஆகும். இது சோற்றுடன் பிசைந்தோ, தொடுகறியாகவோ உண்ணப்படுகிறது. கேழ்வரகுக் களி, சப்பாத்தி ஆகியவற்றுடனும் பொருந்தும். குறைந்த செலவில் புரதம், நார்ச்சத்து, ஃபோலேட்டு, இரும்புச்சத்து ஆகியவற்றை ஒருசேரத் தரும் வீட்டு உணவுகளுள் இதுவும் ஒன்றாகும்.

இவ்வுணவின் செய்முறை எளிது. எனினும் இதன் இரு முதன்மைப் பொருட்களும் நேர்மாறான பக்குவங்களைக் கோருவன. பயறு நீண்ட நேரம் புளிப்பற்ற நீரில் வேக வேண்டும். கீரை சில நிமிடங்களே வேக வேண்டும். எதனை எப்போது சேர்ப்பது என்னும் வரிசையே இக்கூட்டின் சுவையையும் ஊட்டத்தையும் முடிவு செய்கிறது. காராமணிக்குப் பதிலாக வேறு சில பயறுகளைப் பயன்படுத்தும்போது உண்பவரின் பாதுகாப்பும் இவ்வரிசையைப் பொறுத்ததே.

பெயர்

காய், கீரை ஆகியவற்றைப் பருப்புடனோ பயற்றுடனோ கூட்டி ஆக்குவதால் இவ்வகை உணவு கூட்டு எனப்படுகிறது. காராமணி என்ற பெயர் சென்னை, காஞ்சிபுரம் முதலிய வட மாவட்டங்களில் பெருவழக்காக உள்ளது. கொங்கு நாட்டிலும் தென் மாவட்டங்களிலும் இப்பயறு தட்டைப்பயறு அல்லது தட்டாம்பயறு எனப்படும். இலங்கைத் தமிழர் இதனைக் கௌப்பி என்பர். மலையாளத்தில் இது வன்பயறு என வழங்குகிறது. இதன் தாவரவியல் பெயர் விக்னா உங்குயிக்குலேட்டா என்பதாகும். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பயறு மிகத் தொன்மையான காலத்திலேயே இந்தியாவை வந்தடைந்தது.

காஞ்சிபுரம் வட்டாரத்தில்

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரம், பாலாறும் வேகவதியும் பாயும் ஏரிப்பாசனப் பகுதியில் அமைந்துள்ளது. 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக விளங்கும் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா அமைந்துள்ள ஏனாத்தூர் இந்நகரை அடுத்துள்ளது. நெல்லே இப்பகுதியின் முதன்மைப் பயிர். சிறுகீரை, முளைக்கீரை போன்றவை விதைத்து ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் பறிப்புக்கு வருவதால், கிணற்று நீர் உள்ள சிறு பாத்திகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் விளைவிக்க ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இளங்கீரைகள் அழுகிக் கெடுவதால் வரத்து குறையும். அக்காலத்தில் மரத்திலிருந்து பறிக்கப்படும் முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் கைகொடுக்கும்.

கைத்தறி நெசவில் வீடே தொழிற்கூடமாகவும் இருப்பதுண்டு. ஊடை நூலைத் தாரில் சுற்றுதல் போன்ற துணைப்பணிகளில் குடும்பத்தினர் பலரும் பங்கேற்பர். அடுப்பின் முன் நெடுநேரம் நிற்க இயலாத இத்தகைய வீடுகளுக்கு இக்கூட்டு ஏற்றது. பயற்றை முந்தைய இரவே ஊறப்போட்டுவிடலாம். அது வேகும் வரை அருகில் இருக்கத் தேவையில்லை. கீரை சேர்த்த பின்னரே பத்து, பதினைந்து நிமிடங்கள் கவனம் தேவைப்படும். மஞ்சளும் எண்ணெயும் பட்டு நூலில் எளிதில் கறையாகப் படியும் என்பதால், சமையலை ஒரே மூச்சில் முடித்துக் கைகழுவிவிட்டுத் தறிக்குத் திரும்ப முடிவதும் ஒரு வசதியாகும்.

காராமணியும் கீரையும் இப்பகுதியின் சமயச் சடங்குகளிலும் இடம்பெறுகின்றன. மாசியும் பங்குனியும் கூடும் நாளில் நோற்கப்படும் காரடையான் நோன்பில் அரிசி மாவுடன் காராமணி சேர்த்து அடை செய்வர். நவராத்திரிச் சுண்டல் வகைகளுள் காராமணிச் சுண்டலும் ஒன்று. ஏகாதசி உண்ணாநோன்பை மறுநாள் துவாதசியன்று முடிக்கும்போது அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகியவற்றை உணவில் சேர்ப்பது வைணவ இல்லங்களின் மரபாகும். இத்தகைய நாட்களில் செய்யப்படும் கூட்டில் வெங்காயமும் பூண்டும் தவிர்க்கப்படும்.

தேவையான பொருட்கள்

கீழ்க்காணும் அளவு நான்கு பேருக்குப் போதுமானது.

• காராமணி – 100 கிராம்
• முளைக்கீரை அல்லது சிறுகீரை – ஆய்ந்த பின் 250 கிராம்
• சின்ன வெங்காயம் – 10
• பூண்டு – 4 பல்
• தக்காளி – 1
• புளி – சிறு நெல்லிக்காய் அளவு
• தேங்காய்த் துருவல் – 3 மேசைக்கரண்டி
• காய்ந்த மிளகாய் – 3
• சீரகம் – 1 தேக்கரண்டி
• மஞ்சள் தூள் – கால் தேக்கரண்டி
• கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை – தாளிக்கச் சிறிதளவு
• எண்ணெய் – 2 தேக்கரண்டி
• உப்பு – தேவையான அளவு

செய்முறை

1. காராமணியில் உள்ள கல், சொத்தை ஆகியவற்றை நீக்கிக் கழுவி, மூன்று மடங்கு நீரில் 6 முதல் 8 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பின்னர் ஊறிய நீரை வடித்துவிட வேண்டும்.

2. பயற்றைப் புதிய நீரில் இட்டு நன்கு கொதிக்கவிட்டு, பின்னர் தீயைக் குறைத்து மூடி வேகவைக்க வேண்டும். ஊறிய காராமணி திறந்த பாத்திரத்தில் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் வேகும். அழுத்தக் கொதிகலனில், அதாவது பிரஷர் குக்கரில், இரண்டு அல்லது மூன்று விசில் போதும். இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும். ஆனால் பாத்திரத்தில் குழைந்து கரைந்திருக்கக் கூடாது.

3. பயறு வேகும் நேரத்தில் கீரையை ஆய வேண்டும். வேரையும் முற்றிய தண்டையும் நீக்கி, அகன்ற பாத்திரத்து நீரில் கீரையை அலசிக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். நீரோடு சேர்த்துக் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மீண்டும் கீரையில் படியும். நீரில் மண் தென்படாத வரை இதனை மூன்று, நான்கு முறை செய்ய வேண்டும். அலசிய பின்னரே நறுக்க வேண்டும்.

4. தேங்காய், மிளகாய், சீரகம் ஆகியவற்றைச் சிறிது நீர் விட்டுக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ள வேண்டும். புளியைக் கால் குவளை நீரில் கரைத்து வடிகட்ட வேண்டும்.

5. வெந்த பயற்றில் வெங்காயம், பூண்டு, மஞ்சள் தூள் சேர்த்துச் சில நிமிடங்கள் கொதித்ததும் கீரையைச் சேர்க்க வேண்டும். மூடாமல் 5 முதல் 7 நிமிடங்கள் வேகவிட வேண்டும்.

6. கீரை துவண்டு தண்டு மென்மையானதும் தக்காளி, புளிக்கரைசல், உப்பு, அரைப்பு ஆகியவற்றைச் சேர்த்து மேலும் 4 நிமிடங்கள் கொதிக்கவிட வேண்டும். ஒரு கரண்டிப் பயற்றை மத்தால் மசித்துக் கலந்தால் கூட்டு தனியாக மாவு சேர்க்காமலேயே கெட்டிப்படும்.

7. எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி இறக்க வேண்டும்.

வரிசையின் காரணங்கள்

பயறும் புளிப்பும்

பயற்றின் உயிரணுக்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருளாகும். வெந்நீரில் இது கரையும்போதுதான் பயறு மென்மையடைகிறது. புளி, தக்காளி போன்ற புளிப்புப் பொருட்கள் இக்கரைதலைத் தடுக்கின்றன. எனவே பயறு வேகுமுன் புளி சேர்த்தால், எவ்வளவு நேரம் கொதித்தாலும் அது நறுக்கென்றே இருக்கும். கடின நீரில் உள்ள கால்சியமும் இதே விளைவைத் தரும். ஆழ்துளைக் கிணற்று நீரில் வேகாத பயறு, மழைநீரிலோ கடினமற்ற நீரிலோ விரைவில் வேகுவதன் காரணம் இதுவே.

உப்பு சேர்த்தால் பயறு வேகாது என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் ஊறவைக்கும் நீரில் சிறிதளவு உப்புச் சேர்த்தால், அதிலுள்ள சோடியம் பெக்டினில் உள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துத் தோலை மென்மையாக்குகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் நெடுநாள் வைத்திருந்த பழைய பயறு, முறையாக ஊறவைத்தாலும் வேக மறுக்கும். பழம்பயற்றைப் புதிய பயற்றுடன் கலந்து சமைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

கீரையும் மூடியும்

கீரையின் பசுமைக்குக் காரணமான பச்சையத்தின் நடுவே ஒரு மக்னீசிய அணு உள்ளது. கீரை வேகும்போது வெளிப்படும் அமிலங்கள் இவ்வணுவை வெளியேற்றுவதால் பச்சை நிறம் மங்கிப் பழுப்பு கலந்த நிறமாகிறது. பாத்திரத்தை மூடாதிருந்தால் ஆவியாகக்கூடிய அமிலங்கள் வெளியேறிவிடும். நேரம் குறைவாக இருந்தாலும் நிறம் காக்கப்படும். புளியைக் கடைசியில் சேர்ப்பதற்கு இது இரண்டாவது காரணமாகும்.

ஆப்பச் சோடா சேர்த்தால் பயறு விரைவில் வேகும். கீரையும் பளிச்சென்ற பச்சையாகத் தோன்றும். ஆயினும் அது உயிர்ச்சத்து பி1 ஐயும் உயிர்ச்சத்து சி ஐயும் அழிப்பதோடு கீரையைக் கூழாக்கிவிடும். எனவே வீட்டுச் சமையலில் இதனைத் தவிர்ப்பதே பொருத்தமாகும்.

ஊட்டச்சத்து

உலர்ந்த காராமணியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 முதல் 24 கிராம் வரை புரதம் உள்ளது. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயற்றில் அது மிகுதி; ஆனால் மெத்தியோனின் குறைவு. சோற்றுடன் கூட்டைச் சேர்த்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது.

காராமணியும் கீரையும் ஃபோலேட்டு மிகுந்தவை. கருவுற்ற தொடக்க வாரங்களில் ஃபோலேட்டு குறைந்தால் குழந்தையின் முதுகெலும்பு, மூளை ஆகியவற்றில் பிறவிக் குறைபாடுகள் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. ஃபோலேட்டும் உயிர்ச்சத்து சி யும் நீரில் கரைவன, வெப்பத்தால் அழிவன. கீரையை நறுக்கிய பின் கழுவினாலோ, வேகவைத்த நீரைக் கொட்டினாலோ இவை வீணாகும். பயறு வெந்த நீரிலேயே கீரையும் வேகும் இக்கூட்டில் நீர் எதுவும் கொட்டப்படுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கீரையில் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையக்கூடியது. தேங்காயும் தாளிப்பு எண்ணெயும் அதனை உடல் ஏற்க உதவுகின்றன.

இரும்புச்சத்து

2019–21 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57.0 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டில் 53.4 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இரும்புச்சத்துக் குறைபாடு முதன்மையானது.

கீரையிலும் பயற்றிலும் இரும்புச்சத்து இருப்பினும் அது முழுவதும் உடலில் சேர்வதில்லை. தாவர உணவின் இரும்பு, இறைச்சியின் இரும்பைக் காட்டிலும் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. பயற்றில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இதனை மேலும் குறைக்கிறது. சமைப்பவரும் உண்பவரும் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தால் இக்குறையை ஓரளவு போக்கலாம்.

• பயற்றை ஊறவைத்து நீரை வடித்தல், அல்லது ஓர் இரவு முளைகட்டுதல். இவற்றால் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது.
• இறக்கி ஆறிய பின் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தல், அல்லது உணவுடன் நெல்லிக்காய், கொய்யா போன்ற உயிர்ச்சத்து சி மிகுந்த கனிகளை உண்ணுதல். இவை தாவர இரும்பின் உறிஞ்சலைக் கூட்டுகின்றன.
• உணவுடனோ உணவு முடிந்த உடனேயோ தேநீர், காப்பி அருந்தாதிருத்தல். இவற்றிலுள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிணைத்துவிடுகின்றன. குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி நன்று.
• இரும்புச் சட்டியில் சமைத்தல். புளிப்புள்ள உணவில் சட்டியின் இரும்பு சிறிதளவு கலக்கிறது. ஆனால் சமைத்த உணவை அச்சட்டியிலேயே வைத்திருந்தால் நிறமும் சுவையும் கெடும்.

இவை தடுப்பு முறைகளே. இரத்தசோகை உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கருவுற்ற பெண்களுக்கு, மருத்துவர் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளுக்கு எந்தக் கூட்டும் மாற்றாகாது.

வேறு பயறுகளைப் பயன்படுத்தும்போது

இதே முறையில் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா ஆகியவற்றைக் கொண்டும் கூட்டு செய்யப்படுகிறது. இவற்றுள் சிலவற்றுக்குத் தனிக் கவனம் தேவை.

ராஜ்மா எனப்படும் சிவப்புச் சிறுநீரக வடிவ அவரை விதையில் ஃபைட்டோ ஈமாக்ளூட்டினின் என்னும் நச்சுப் புரதம் உள்ளது. வேகாத நான்கைந்து விதைகளே கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். குறைந்தது 12 மணி நேரம் ஊறவைத்து, பின்னர் குறைந்தது 10 நிமிடங்கள் தளதளவெனக் கொதிக்க வைக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. கொதிநிலைக்குக் கீழான மென்சூட்டில் நெடுநேரம் வைத்தால் இந்நச்சு அழிவதில்லை. மாறாக அதன் வீரியம் கூடவும் கூடும். எனவே ராஜ்மாவை மென்தீயில் மட்டுமே சமைக்கக் கூடாது.

காய்ந்த மொச்சையில், குறிப்பாகக் கருநிற விதைகளில், சயனைடை வெளியிடக்கூடிய சேர்மங்கள் உள்ளன. அதனை இரவு முழுவதும் ஊறவைத்து நீரைக் கொட்டி, புதிய நீரில் மூடாமல் கொதிக்கவிட்டு, அந்நீரையும் வடித்த பின்னரே கூட்டில் சேர்க்க வேண்டும். தை மாதத்தில் கிடைக்கும் பச்சை மொச்சையையும் பச்சையாக உண்ணாமல் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும். இது பொங்கல் நாளில் பல காய்களுடன் சேர்த்துச் செய்யப்படும் குழம்பில் இடம்பெறுகிறது.

கவனிக்க வேண்டியவை

• முளைக்கீரை, பசலைக்கீரை போன்றவற்றில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. கால்சியம் ஆக்சலேட்டு வகைச் சிறுநீரகக்கல் உள்ளவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படி உண்ண வேண்டும். கீரையைத் தனியே வேகவைத்து நீரைக் கொட்டினால் ஆக்சலேட்டு குறையும். ஆனால் உயிர்ச்சத்துகளும் இழக்கப்படும்.
• கீரைகளில் உயிர்ச்சத்து கே மிகுதியாக உள்ளது. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உண்பவர்கள், கீரையின் அளவை மருத்துவரைக் கேளாமல் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.
• சமைத்த கீரையை அறை வெப்பத்தில் நெடுநேரம் வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் அதிலுள்ள நைத்திரேட்டை நைத்திரைட்டாக மாற்றும். மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் உண்டு முடிக்க வேண்டும்.

வகைகள்

தமிழ்நாட்டில் புளி சேர்க்கும் கூட்டு புளிக்கூட்டு எனவும், புளியின்றி மிளகு, உளுத்தம்பருப்பு ஆகியவற்றை வறுத்துத் தேங்காயுடன் அரைத்துச் சேர்ப்பது பொரித்த கூட்டு எனவும் வழங்கப்படுகின்றன. பாலக்காட்டுத் தமிழரின் மொளகூட்டல் இதனை ஒத்தது. யாழ்ப்பாணத்துச் சமையலில் கீரைக்கு அரைத்த தேங்காய்க்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் சேர்ப்பதுண்டு. கர்நாடகத்தின் பஸ்ஸாரு என்னும் உணவில் பயற்றையும் கீரையையும் ஒன்றாக வேகவைத்து நீரை வடித்து, அந்நீரில் குழம்பும், வடித்தெடுத்ததில் பொரியலும் செய்வர். இம்முறையிலும் வெந்த நீர் வீணாவதில்லை.

உலகின் பிற பகுதிகளிலும் இந்த இணை காணப்படுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்களோடு காராமணி அமெரிக்காவை அடைந்தது. இன்றும் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் புத்தாண்டு நாளன்று காராமணியும் கீரையும் உண்பது வளம் தரும் என்று நம்பப்படுகிறது. கிரேக்கத்திலும் சைப்பிரசிலும் காராமணியைக் கீரையுடன் வேகவைத்து, ஒலிவ எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டு உண்கின்றனர். அங்கும் எலுமிச்சை கடைசியிலேயே சேர்க்கப்படுகிறது.